கதவை அடைத்தால் போதுமா?

2020ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் இரவு 9 மணிக்கு ஆஸ்திரேலியா தன் வாசற்கதவைச் சாத்தியது. அந்நாட்டுக் குடிமக்கள், அங்கே நிலையாகக் குடியிருப்போர், அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தினர் ஆகியோரைத் தவிர வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது. சில நாட்களில், சிறப்பு அனுமதியின்றிக் குடிமக்கள் வெளியே செல்வதும் தடுக்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் 14 நாட்கள் ஓட்டல் அறையில் தனித்திருக்க வேண்டும். கோவிட்-19 என்னும் கொள்ளை நோய் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. தடுப்பூசி போட்டுக்கொண்ட அயல்நாட்டுப் பயணிகளுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2022 பிப்ரவரி 21ஆம் நாள்தான்.

இந்தக் கதவடைப்பைப் பலர் வியந்து புகழ்ந்தனர். கொடுமை என்று கடிந்துரைத்தவர்களும் உண்டு. இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. கதவை அடைத்த நாடு, அது அடைபட்டிருந்த காலத்தில் என்ன செய்தது? எல்லைக் கொள்கையை ஒரு புறமும், தடுப்பூசித் திட்டத்தை மறு புறமும் வைத்துத் தனித்தனியே மதிப்பெண் போடுவது பொருந்தாது. இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும் ஆகும். அந்தக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

கதவு தந்தது என்ன?

முதலில் வரவைப் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டு முழுவதிலும் ஆஸ்திரேலியாவில் கோவிட் நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 900 பேர். இரண்டரைக் கோடி மக்களுக்கு மேல் வாழும் நாட்டுக்கு இது மிகக் குறைந்த எண்ணிக்கை. ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளில் இலட்சக்கணக்கானோர் மாண்ட ஆண்டு அது என்பதை நினைவிற்கொண்டால் இந்த வெற்றியின் அளவு விளங்கும்.

ஆயினும் கதவு நோயை ஒழிப்பதில்லை. நோய் வரும் நாளைத் தள்ளிப்போடுகிறது. உள்ளே இருக்கும் மக்களின் உடலில் எதிர்ப்பாற்றல் ஏதும் உண்டாவதில்லை. கதவு திறக்கும் நாளில் அவர்கள் முதல் நாள் இருந்த நிலையிலேயே இருப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் தடுப்பூசி போட்டுவிட்டால் மட்டுமே தள்ளிப்போட்டதற்குப் பொருள் உண்டு. கதவடைப்பு என்பது கடனாக வாங்கிய காலம். அந்தக் கடனை அடைப்பது ஊசி.

ஊசி ஏன் தாமதித்தது?

ஆஸ்திரேலியாவில் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 22ஆம் நாள் முறையாகத் தொடங்கியது. மார்ச்சு முடிவதற்குள் 40 இலட்சம் ஊசிகள் போடுவோம் என்று அரசு அறிவித்திருந்தது. மார்ச்சு முடிந்தபோது போடப்பட்டவை 7 இலட்சத்தைக்கூட எட்டவில்லை.

காரணங்கள் பல. குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் உருவாக்கிவந்த தடுப்பூசியில் 5 கோடிக்கு மேற்பட்ட அளவுகளை அரசு முன்கூட்டியே பதிவு செய்திருந்தது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, எயிட்ஸ் கிருமி இல்லாதவர்களுக்கும் இருப்பதாகச் சில சோதனைகள் தவறாகக் காட்டின. ஆகவே 2020 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. எஞ்சிய பெரிய நம்பிக்கை அஸ்ட்ராஜெனகா ஊசி. நம் நாட்டில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்டதும் இதுவே. இதில் பெரும்பகுதியை மெல்போர்ன் நகரிலேயே தயாரிக்க ஏற்பாடாயிற்று. அது தயாராகுமுன் வெளியிலிருந்து வரவேண்டிய 2,50,000 ஊசிகளை 2021 மார்ச்சில் இத்தாலி நிறுத்திவிட்டது. ‘உங்கள் நாட்டில் நோய் குறைவு; எங்களுக்கே இவை தேவை’ என்பது அதன் வாதம். கதவடைப்பின் வெற்றியே ஊசி கிடைக்காததற்கு ஒரு காரணமானதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

பைசர் ஊசியையோ 2020 நவம்பரில்தான் ஒப்பந்தம் செய்தார்கள். அதுவும் ஒரு கோடி ஊசிகள் மட்டுமே. ஆளுக்கு இரண்டு என்றால் 50 இலட்சம் பேருக்குத்தான் போதும். பிரிட்டனும் அமெரிக்காவும் 2020 ஜூலையிலேயே தங்களுக்கு வேண்டியதைப் பதிவு செய்துவிட்டன. எந்த ஊசி பலிக்கும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் பலவற்றை வாங்கி வைப்பதுதான் விவேகம். சில வீணாகலாம், ஆனால் வீணாகும் பணம், வீணாகும் காலத்தைவிட மலிவானது. 2021 மார்ச்சில் பிரதமர் ஸ்காட் மாரிசன் ‘இது ஓட்டப்பந்தயம் அன்று’ என்று கூறியதை மக்கள் பின்னர் பலமுறை கசப்புடன் நினைவுகூர்ந்தனர். கிருமிக்கு அது பந்தயமாகவே இருந்தது.

நிழலில் வளர்ந்த தயக்கம்

அடுத்து நிகழ்ந்ததுதான் இக்கதையில் மிகவும் சிந்திக்கத்தக்கது. அஸ்ட்ராஜெனகா ஊசியால் மிக அரிதாக, இலட்சத்தில் ஒரு சிலருக்கு, இரத்தத் தட்டணுக்கள் குறைந்து இரத்தம் உறையும் கேடு நேர்வது தெரியவந்தது. 2021 ஏப்ரல் 8ஆம் நாள், 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பைசர் ஊசியே விரும்பத்தக்கது என்று வல்லுநர் குழு அறிவுரை கூறியது. ஜூன் 17இல் அந்த வயது வரம்பு 60 ஆக உயர்ந்தது.

குழு கூறியதில் பிழையில்லை. ஊசியின் கேட்டையும் நோயின் கேட்டையும் தராசில் இரு தட்டுகளாக வைத்து நிறுத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். நோய் தெருவெங்கும் இருக்கும் நாட்டில் நோயின் தட்டு மிகத் தாழ்ந்திருக்கும். ஊசியின் சிறு கேடு கணக்கில் வராது. கதவடைத்த நாட்டிலோ நோயின் தட்டு வெறுமையாகத் தோன்றுகிறது. ஆகவே மறு தட்டில் உள்ள சிறு எடையும் பெரிதாகத் தெரிகிறது. ‘இங்குதான் நோயே இல்லையே, எனக்கு ஏன் இந்த ஊசி?’ என்று முதியவர்கள்கூடக் காத்திருக்கத் தொடங்கினர்.

தராசில் வைக்கவேண்டியது இன்றைய நோயை அன்று. கதவு திறக்கும் நாளில், அல்லது கதவில் ஓட்டை விழும் நாளில், வரக்கூடிய நோயை. இதை மக்களுக்கு விளக்குவது விஞ்ஞானிகளின் கடமை. அந்த நாள் வந்தே தீரும் என்று ஒளிக்காமல் கூறுவது அரசின் கடமை. இரண்டும் போதிய அளவில் நடக்கவில்லை.

காலக் கணக்கையும் பார்க்கலாம். அங்கே அஸ்ட்ராஜெனகா ஊசியின் இரு தவணைகளுக்கு இடையே 12 வாரம் விட்டார்கள். அதன்பின் உடல் முழு எதிர்ப்பாற்றலைப் பெற மேலும் இரண்டு வாரம் ஆகும். எனவே மார்ச்சுக் கடைசியில் முதல் ஊசி போட்டவருக்கும் ஜூலையில்தான் முழுக் காப்பு. தீப்பிடித்தபின் கிணறு வெட்டுவது என்பார்களே, தடுப்பூசி விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

வாசற்படியில் விழுந்த ஓட்டை

கதவில் ஓட்டை விழும் என்பதற்கு முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டின் நடுவில் மெல்போர்ன் நகரத் தனிமை ஓட்டல்களிலிருந்து கிருமி வெளியேறிப் பரவியது. அந்த ஆண்டு இறந்த 900 பேரில் மிகப் பெரும்பாலோர் அந்த அலையில் இறந்தவர்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். இக்கிருமி காற்றில் மிதந்து பரவக்கூடியது. ஒரே நடைவழியில் கதவுகள் திறக்கும் ஓட்டல் அறைகள் அதைத் தடுக்கக் கட்டப்பட்டவை அல்ல. டார்வின் நகருக்கு அருகே ஹோவர்டு ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்தில், திறந்த வெளியில் தனித்தனி அறைகள் கொண்ட முகாம் இருந்தது. அத்தகைய முகாம்களை வேறு இடங்களிலும் விரைந்து கட்டியிருக்கலாம். அது நடக்கவில்லை.

2021 ஜூன் நடுவில் சிட்னியில், விமானப் பணியாளர்களை ஏற்றிச் சென்ற கார் ஓட்டுநர் ஒருவருக்கு டெல்டா வகைக் கிருமி தொற்றியது. அவர் ஊசி போட்டுக்கொள்ளாதவர். வாசற்படியில் நிற்பவருக்கு அல்லவா முதல் ஊசி போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்? அப்போது அந்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட இரு தவணையும் முடிந்திருக்கவில்லை. ஜூன் 26 முதல் அக்டோபர் 11 வரை சிட்னி நகரம் முடங்கியது. மெல்போர்ன் மக்கள் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறை, மொத்தம் 262 நாட்கள் வீட்டில் அடைபட்டனர். ஊரின் கதவைத் திறக்காமல் வைத்த நாடு, இறுதியில் ஒவ்வொரு வீட்டின் கதவையும் அடைக்கவேண்டி வந்தது.

நோய் கண்ணெதிரே வந்ததும் தயக்கம் மறைந்தது. போலந்து 10 இலட்சம் ஊசிகளை விற்றது. சிங்கப்பூர் 5 இலட்சமும் பிரிட்டன் 40 இலட்சமும் கைமாற்றாகக் கொடுத்தன. 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 80 விழுக்காட்டினர் நவம்பர் தொடக்கத்திலேயே இரு தவணையும் பெற்றுவிட்டனர். மக்களிடம் குறை இல்லை என்பதை இது காட்டுகிறது. கையில் ஊசியும் கண்முன் ஒரு நாளும் இருந்திருந்தால் முன்னரே வந்திருப்பார்கள்.

யாருக்கு மூடிய கதவு?

கதவடைப்பில் இன்னொரு கேள்வியும் உண்டு. 2021 ஏப்ரலில் நம் நாட்டில் இரண்டாம் அலை வீசியபோது, ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை நிறுத்தியது. அதோடு நிற்காமல், மே 3 முதல், இந்தியாவில் இருந்துவிட்டு 14 நாட்களுக்குள் தாயகம் திரும்பும் சொந்தக் குடிமக்களுக்கும் ஐந்து ஆண்டு வரை சிறையும் 66,600 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம் என்று ஆணையிட்டது. ஏறக்குறைய 9,000 ஆஸ்திரேலியர் இங்கிருந்து திரும்பக் காத்திருந்தனர். தடை மே 15இல் முடிந்தது.

தனிமை முகாம்கள் நிரம்புகின்றன என்பது அரசு சொன்ன காரணம்; அது பொய்யன்று. எனினும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நோய் உச்சத்தில் இருந்தபோது, அங்கிருந்து வீடு திரும்பிய குடிமக்களைச் சிறை சொல்லி அச்சுறுத்தவில்லை. முகாம் போதவில்லை என்றால் அது முகாம் கட்டாதவர்களின் குறை; வீடு திரும்ப நினைத்தவர்களின் குற்றம் ஆகாது. கிருமிக்குக் கடவுச்சீட்டு இல்லை. எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதைவிட, சோதனை, ஊசி, தனிமை ஆகிய மூன்றும் சரியாக அமைந்தனவா என்பதே விஞ்ஞானம் கேட்கும் கேள்வி.

அண்டை வீடுகள் இரண்டு

இதே போலக் கதவடைத்த இரு இடங்களுடன் ஒப்பிட்டால் கருத்து தெளிவாகும். நியூசிலாந்தும் ஊசியில் பின்தங்கியே இருந்தது. 2021 ஆகஸ்டு 17இல் ஒரே ஒரு டெல்டா நோயாளியைக் கண்டதும் நாட்டையே முடக்கியது. அதன்பின் 90 விழுக்காடு என்று இலக்கு வைத்து உழைத்தது. அக்டோபர் 16ஆம் நாள் ஒரே நாளில் சுமார் 1,30,000 ஊசிகள் போடப்பட்டன. அந்த நாட்டின் மக்கள் தொகையே 50 இலட்சம்தான். முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் காப்புப் பெற்ற பிறகே 2022இல் கதவு படிப்படியாகத் திறந்தது. அங்கும் குறை உண்டு. தாயகம் திரும்புவோருக்குத் தனிமை அறையைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது, பலருடைய உரிமையை நியாயமின்றிப் பறித்தது என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது.

ஹாங்காங் எதிர்மாறான பாடம். அங்கே 21 நாள் தனிமை. கதவு இரும்புக் கதவு. 2021 முடியும் வரை இறந்தவர்கள் 213 பேரே. ஊசியும் தட்டுப்பாடின்றிக் கிடைத்தது. ஆனால் நோயே இல்லாத ஊரில் ஊசிக்கு அஞ்சி முதியவர்கள் ஒதுங்கினர். 2022 தொடங்கியபோது 80 வயதுக்கு மேற்பட்டவர்களில் இரு தவணை முடித்தவர்கள் நூற்றுக்கு 25 பேருக்கும் குறைவு. அப்போது ஒமிக்ரான் உள்ளே புகுந்தது. நான்கு மாதங்களில் ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். 74 இலட்சம் மக்கள் உள்ள நகரில் இது பத்து இலட்சத்துக்குச் சுமார் 1,200 என்ற கணக்கு.

ஆஸ்திரேலியாவிலும் 2022இல் ஒமிக்ரான் தங்குதடையின்றிப் பரவியது. அந்த ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். அதாவது பத்து இலட்சத்துக்கு 400க்கும் குறைவு. நெரிசலும் வயதும் இரு இடங்களிலும் ஒன்றல்ல என்பது மெய்தான். ஆயினும் கிருமி ஒன்று, ஆண்டு ஒன்று. கதவு திறந்தபோது முதியவர் உடலில் காப்பு இருந்ததா என்பதே பெரிய வேறுபாடு. தாமதமாயினும் ஆஸ்திரேலியா கடனை அடைத்துவிட்டே கதவைத் திறந்தது. தாமதத்தின் விலையைச் சிட்னி, மெல்போர்ன் மக்கள் முடங்கிய மாதங்களாகக் கொடுத்தனர்.

முடிவாக

கதவை அடைத்தது தவறு என்று நாம் கூறவில்லை. ஊசி இல்லாத 2020இல் அது உயிர்களைக் காத்தது. தவறு, கதவையே காப்பு என்று எண்ணியதில் இருந்தது. 2024 அக்டோபரில் வெளியான ஆஸ்திரேலிய அரசின் விசாரணைக் குழு அறிக்கை, அரசின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை தேய்ந்துவிட்டதையும், முன்பு ஏற்ற பல கட்டுப்பாடுகளை அவர்கள் மீண்டும் ஏற்கமாட்டார்கள் என்பதையும் எடுத்துக்காட்டியது. நம்பிக்கையும் செலவாகக்கூடிய பொருளே. ஒரு முறை செலவழித்தால் அடுத்த நோய்க்கு மிச்சம் இராது.

அடுத்த கொள்ளை நோய் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. வராது என்றும் சொல்ல இயலாது. அன்று ஏதேனும் ஓர் அரசு கதவைச் சாத்தும்போது, படித்த மக்கள் அதனிடம் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். ஊசிக்கு என்ன ஏற்பாடு? வாசலில் நிற்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது முதலில் போகிறதா? கதவு திறக்கும் நாள் எது? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் கதவு சில காலம் சாத்தியிருக்கலாம். விடை இல்லையென்றால், உள்ளே இருப்பவர்கள் காப்பாற்றப்பட்டவர்கள் அல்லர்; காத்திருப்பவர்களே.