பெயரறியாப் பாத்திரங்களும் ஊகத்தின் எல்லையும்

ஒரு படைப்பு வெளிவருமுன்னரே அதன் பாத்திரங்கள் பற்றிய விவாதம் நடந்து முடிந்துவிடும் நிலை இன்று தோன்றியுள்ளது. புராணக் கதைகளை அடியொற்றி ஆக்கப்படும் கணினி விளையாட்டுக்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சில நிமிட முன்னோட்டக் காணொளியில் முகம் மறைந்து நிற்கும் ஓர் உருவத்தைக் கண்டதும், அது யாரென நிறுவும் பொருட்டு இரசிகர்கள் மூலக் கதைகளைப் புரட்டத் தொடங்குகின்றனர். சாய்ந்தமருதிலும் அதனை அடுத்த ஊர்களிலும் உள்ள இளைஞர் இதற்கு விலக்கானவரல்லர். இதனை வீண்பொழுதுபோக்கெனத் தள்ளுவோர் உளர். புதுவகைத் திறனாய்வெனக் கொண்டாடுவோரும் உளர். இவ்விரு கருத்துக்களும் முழுமையானவையல்ல என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சீனாவின் கேம் சயன்ஸ் நிறுவனம் 2020 ஆகஸ்டில் ‘பிளாக் மித்: வூகோங்’ என்னும் விளையாட்டின் முன்னோட்டத்தை வெளியிட்டது. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘மேற்றிசைப் பயணம்’ என்னும் சீன நாவலே அதன் மூலம். முன்னோட்டத்திற் காணப்பட்ட குரங்கு வீரன் உண்மையான வூகோங்கா, அன்றி ஆறுசெவிக் குரங்கா என்ற வினா உடன் எழுந்தது. இவ்வினா வெறுங் கற்பனையன்று. நாவலின் 56 முதல் 58 வரையான அத்தியாயங்களில் வூகோங்கின் உருவெடுத்த போலிக் குரங்கொன்று தோன்றுகின்றது. தேவருலகோ யமலோகமோ இருவரையும் வேறுபடுத்தி உரைக்கவில்லை. புத்தரே உண்மையை வெளிப்படுத்துகின்றார். இறந்தது உண்மை வூகோங்கே என வாதிடும் வாசகரும் உளர். ஆகவே விளையாட்டின் இரசிகர்கள் நாவலின் தீராத ஐயமொன்றையே மீண்டும் எழுப்பினர் எனலாம்.

2024 ஆகஸ்ட் 20இல் விளையாட்டு வெளிவந்தபோது, விளையாடுவோன் ஏற்கும் பாத்திரம் வூகோங்காகவும் இருக்கவில்லை. ஆறுசெவிக் குரங்காகவும் இருக்கவில்லை. வூகோங்கின் வீழ்ச்சிக்குப் பின் அவனது ஆறு எச்சங்களைத் தேடிச் செல்லும் பெயரற்ற குரங்கொன்றே அது. ‘இவன் யார்’ என்ற வினா, ‘ஒருவன் வூகோங் ஆவது எதனால்’ என்ற வினாவாக மாறிற்று. ஊகம் பொய்த்தது, ஆயினும் ஊகித்தோர் நட்டமடைந்திலர். நாவலைப் படித்து வந்தோருக்கே இம்மாற்றத்தின் பொருள் முழுமையாகப் புலப்பட்டிருக்கும்.

‘கோட் ஒஃப் வோர்: ரக்னரொக்’ வேறொரு பாடத்தைத் தருகின்றது. 2021இல் வெளியான அதன் முன்னோட்டத்தில், இறந்துவிட்டதாக நம்பப்பட்ட டைர் என்னும் நோர்ஸ் தெய்வம் உயிருடன் தோன்றியது. 2022 நவம்பரில் விளையாட்டு வெளிவந்தபோது அவ்வுருவிலிருந்தவன் மாறுவேடம் பூண்ட ஓடின் என்பது தெரியவந்தது. நோர்ஸ் கதைகளில் ஓடின் மாறுவேடத்தில் அலைபவன். டைரோ ஓநாயிடம் ஒரு கையை இழந்தவன். விளையாட்டின் டைருக்கு இரு கைகளும் இருந்தன. இங்கு ஆக்கியோர் இரசிகரின் ஊகத்தையே கதைக்கருவியாகக் கொண்டனர். எனினும் உண்மை வெளிப்பட்ட கணத்தின் அதிர்ச்சி ஒருமுறைக்கே உரியது.

சிறு குறிப்பொன்றைக் கொண்டு பாத்திரத்தை இனங்காணும் இம்முறை தமிழுக்குப் புதிதன்று. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. நெடுநல்வாடையில் எவர் பெயரும் கூறப்படவில்லை. ஆயினும் பாசறையிற் காட்டப்படும் வேலில் வேம்பு கட்டப்பட்டிருப்பதை நோக்கிய நச்சினார்க்கினியர், வேம்பு பாண்டியருக்குரிய அடையாளமாதலின் அப்பாட்டைப் புறம் எனக் கொண்டார். ஒரு சொல்லையும் தவறவிடாத வாசிப்பு அது. ஆனால் அதன் விளைவு யாது? அரசன் யாரென அறிந்தோம். கணவனைப் பிரிந்து உறக்கமின்றிக் கிடக்கும் அரசியின் துயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இப்பாட்டை அகமென்றே கொள்வோர் இன்றும் இருப்பது இக்காரணத்தினாலாகும்.

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமைகளில் ஓதப்படும் சூறத்துல் கஹ்ஃபு இவ்விடத்து மனங்கொளத்தக்கது. இறைவேதத்தையும் விளையாட்டையும் ஒரு தட்டில் வைப்பது எமது நோக்கமன்று. அறிவிக்கப்படாததை மனிதர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதையே நோக்குகின்றோம். குகைவாசிகள் மூவரா, ஐவரா, எழுவரா என மக்கள் கூறுவதை எடுத்துக்காட்டும் திருக்குர்ஆன், அவ்வெண்ணிக்கையை இறைவனே நன்கறிவான் எனக் கூறி, அதுபற்றி ஆழ்ந்த தர்க்கத்தில் இறங்க வேண்டாமென அறிவுறுத்துகின்றது. மூஸா நபி சந்தித்த நல்லடியாரின் பெயரும் அங்கு கூறப்படவில்லை; ஹிழ்று என்ற பெயரை ஹதீஸ் வாயிலாகவே அறிகின்றோம். கதிர்காமத்துப் பள்ளிவாசல்வரை அப்பெயர் பரவியுள்ளது. ஆயினும் அந்நிகழ்ச்சியின் பொருள் பெயரிலன்றிச் செயலிலேயே தங்கியுள்ளது. ஏழைகளின் படகு ஏன் சேதமாக்கப்பட்டது என்பதைக் கேட்டறியும்போது, கடற்றொழிலை நம்பி வாழும் ஊரவர் அதன் நியாயத்தை உடனே உணர்வர். நல்லடியாரின் பெயரை மட்டும் அறிந்தவருக்கு அவ்வுணர்வு கிட்டாது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஊகத்தை மதிப்பிடுவதற்கான அளவுகோல் ஒன்று கிடைக்கின்றது. பாத்திரத்தின் பெயர் தெரிந்த பின்னரும் படைப்பில் வாசிப்பதற்கு ஏதேனும் எஞ்சுகின்றதா என்பதே அது. எஞ்சுமாயின் அவ்வூகம் திறனாய்வின் முதற்படியாகும். எஞ்சாதாயின் அது விடுகதை. விடை தெரிந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகின்றது.

இவ்வேறுபாட்டை வற்புறுத்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முன்னோட்டம் ஒரு விளம்பரம் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். தொல்காப்பியர் பெயரை விலக்கியது உணர்ச்சியை எல்லார்க்கும் பொதுவாக்குதற்பொருட்டு. நிறுவனம் பெயரை மறைப்பது எழுபது டொலர்வரை விலைபெறும் பண்டத்தை நாம் எதிர்பார்த்திருத்தற்பொருட்டு. நமது ஊகங்கள் யாவும் அந்நிறுவனத்துக்குக் கூலியின்றிச் செய்யப்படும் விளம்பரமாகவும் அமைகின்றன.

2025 ஆகஸ்டில் அதே நிறுவனம் ‘பிளாக் மித்: சோங் குவேய்’ என்னும் அடுத்த விளையாட்டை அறிவித்தது. வெளிவந்த சிறு காணொளியில் விளையாட்டின் போக்கெதுவும் காட்டப்படவில்லை. ஊகங்கள் அப்பொழுதே தொடங்கிவிட்டன. சோங் குவேய், பரீட்சையில் முதன்மை பெற்றும் முகத்தோற்றம் காரணமாகப் பட்டம் மறுக்கப்பட்டு உயிர்நீத்து, பின் பேய்களை அடக்குபவனாக மாறியவன் என்பது சீன மரபுக் கதை. புலிமேல் வருபவன் எவன், அவனுடன் வருவோர் எவர் என்பவற்றையே ஆராய்ந்து கொண்டிருத்தல் எளிது. கற்ற ஒருவனைத் தோற்றங்கண்டு தள்ளிய சமூகம், அவன் இறந்தபின் தன்னைக் காக்கும் பணியை அவனிடமே ஒப்படைத்தது ஏன் என வினவுதல் அரிது. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் இவ்விரண்டாவது வினாவை எழுப்புவராயின், விளையாட்டு வெளிவரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கில்லை.