பேஸ் கிட்டாரும் உப்புக்காத்தும்

இந்தப் பதிவு ரொம்ப நாளா டிராஃப்டில் தூங்கிக்கிட்டிருந்தது. எழுப்பிவிட்டது சித்தி பையன். மண்டபத்தில் இருக்கான், காலேஜ் ரெண்டாம் வருஷம். ஊர்ல நாலு பசங்களோட சேர்ந்து ஒரு இன்னிசைக் குழுவில் வாசிக்க ஆரம்பிச்சிருக்கான். "அண்ணே, பேஸ் கிட்டார் வாங்கப் போறேன், இதெல்லாம் சரியான்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு இணையத்தில் கிடைக்கிற அறிவுரைகளை ஒரு மூட்டை அனுப்பினான். எனக்குச் சோறு போடுறது கோடிங்தான். பேஸ் இருபது வருஷமா பொழுதுபோக்கு. இருந்தாலும் தம்பி கேட்டுட்டானேன்னு ரெண்டு வாரம் உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன்.

படிச்சதில் பெரிய தப்பு எதுவும் இல்லை. ஆனா எழுதினவங்க யாரும் கடற்கரையில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்னு வாசிச்சதில்லைன்னு நாலாவது பக்கத்திலேயே தெரிஞ்சுபோச்சு. அஞ்சு கம்பி வாங்கு, ஆக்டிவ் வாங்கு, கம்பியை அடிக்கடி மாத்து, கிக் டிரம்மோட ஒட்டி ரூட் நோட்டை வாசி, அதிகமா வாசிக்காதே. சுருக்கினா இவ்வளவுதான். இதில் கடைசி ரெண்டும்தான் எனக்குப் பெரிய உறுத்தல். அதுக்குக் காரணம் ஒரு நண்பன். அவனைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி கூம்பு ஸ்பீக்கரைப் பத்திச் சொல்லணும்.

எங்க பக்கம் முளைப்பாரி, சர்ச் திருவிழா, சந்தனக்கூடு எதுவா இருந்தாலும் பனைமரத்திலோ கம்பத்திலோ கூம்பு ஸ்பீக்கர் கட்டுவாங்க. ரெண்டு மைல் தள்ளிப் போட்டுல இருக்கிறவனுக்கும் பாட்டு கேட்கும். நான் இளையராஜா பாட்டு முழுக்கக் கேட்டு வளர்ந்தது இதில்தான். ஆனா அதில் பேஸ் கிட்டார்னு ஒரு வாத்தியம் இருக்குன்னே எனக்கு பி.இ. முதல் வருஷம் வரைக்கும் தெரியாது. ஹாஸ்டல் ரூம்மேட்டோட ஹெட்போனில் 'என் இனிய பொன் நிலாவே' கேட்டப்ப, ஜேசுதாஸ் குரலுக்குக் கீழே வேற ஒருத்தர் தனியா ஒரு பாட்டு பாடிக்கிட்டுப் போறமாதிரி இருந்தது. 1980-ல் வந்த 'மூடுபனி' பாட்டு அது. பல வருஷமா கேட்ட பாட்டு, ஆனா பாதிதான் கேட்டிருக்கேன்.

ஏன் கேட்கலைங்கிறதுக்குக் கணக்கு இருக்கு. பேஸ் கிட்டாரின் தடிச்ச கம்பி, ஈ ஸ்ட்ரிங், சும்மா மீட்டினா 41 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த அலையோட நீளம் எட்டு மீட்டருக்கு மேல. ஒரு கூம்போட வாய்ச் சுற்றளவு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு நீள அலை வரைக்கும்தான் அது ஒழுங்கா வெளியே தள்ளும். வாய் அரை மீட்டர் விட்டம்னு வச்சுக்கங்க, சுற்றளவு ஒன்றரை மீட்டர் சொச்சம், அதாவது சுமார் 220 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழே இருக்கிறது சரசரன்னு காணாமப் போயிடும். பேஸ் கிட்டார் நாலு கம்பியையும் சும்மா மீட்டினா 41, 55, 73, 98. நாலுமே அதுக்குக் கீழேதான்.

ஆனா முழுசா செத்துப்போறதில்லை. ஒரு கம்பி அதிர்ந்தா 41 மட்டும் வராது. 82, 123, 165, 206, 247ன்னு அதோட மடங்குகளும் சேர்ந்து வரும். மேல இருக்கிற மடங்குகள் மட்டும் காதுக்கு வந்தாலும், அடியில் இருக்கவேண்டிய சுரத்தை மூளையே கணக்குப்போட்டுக் கண்டுபிடிச்சிடும். செல்போனோட கட்டைவிரல் அளவு ஸ்பீக்கரில் பேஸ் மாதிரி ஏதோ கேட்குதே, அது இப்படித்தான்.

இதில் வாசிக்கிறவனுக்கு ஒரு பாடம் இருக்கு. சித்தி பையன் அனுப்பினதில் பாதிப் பேர், பேஸ் கேட்கலைன்னா ஆம்பில் பேஸ் குமிழைத் திருகுன்னு சொல்றாங்க. எங்க ஊர் ஸ்பீக்கரில் அதைத் திருகினா, ஸ்பீக்கரால வெளியே தள்ளவே முடியாத இடத்தில் ஆம்போட சக்தியைக் கொட்டுறதுதான் நடக்கும். உடம்பு உதறும், சுரம் வராது. மிட் குமிழைத் தொடுங்க. 200-லிருந்து 800 ஹெர்ட்ஸுக்குள்ள கொஞ்சம் ஏத்துங்க. தனியா வாசிக்கிறப்ப மூக்கால பாடுற மாதிரி அசிங்கமா இருக்கும். குழுவோட சேர்ந்தா சரியா உக்காரும். அதிலும் திறந்த வெளி மேடையில் சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவரே கிடையாது. கடலைப் பாத்து வாசிச்சா கடல் ஒண்ணும் திருப்பித் தராது.

அஞ்சு கம்பி விஷயமும் இதோட முடிஞ்சது. அஞ்சாவது கம்பி பி, 31 ஹெர்ட்ஸ். நான் முதல் சம்பள போனஸில் இணையம் சொன்னபடியே அஞ்சு கம்பி ஆக்டிவ் பேஸ் வாங்கினவன். ஊர்ச் சர்ச் திருவிழா கச்சேரிக்கு எடுத்துட்டுப் போனேன். அந்த அஞ்சாவது கம்பியை அன்னைக்குக் கேட்டது நானும் என் கட்டைவிரலும் மட்டும்தான். ரெண்டாவது பாட்டில் சத்தம் கரகரன்னு ஆகி நின்னேபோச்சு. ஆக்டிவ் பேஸ் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் சொருகி வச்சிருந்தாலே அது ஓடிக்கிட்டிருக்கும். நான் மத்தியானம் சவுண்ட் செக் முடிஞ்சு அப்படியே சொருகிட்டு பரோட்டா சாப்பிடப் போயிட்டேன். பேட்டரி ஏற்கெனவே பழசு. திருவிழா ராத்திரியில 9 வோல்ட் பேட்டரிக்கு எங்க போறது? அதனால தம்பிகளுக்கு: நாலு கம்பி, பாஸிவ். 1951-ல் லியோ ஃபெண்டர் விட்ட பிரிசிஷன் பேஸும் நாலு கம்பி பாஸிவ்தான். அதோட நகல்கள் எல்லா விலையிலும் கிடைக்குது. கழுத்து நேரா இருக்கான்னு பாருங்க, டிரஸ் ராட் திரும்புதான்னு பாருங்க. பிராண்டு அப்புறம்.

அடுத்தது உப்பு. பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்தது, 2022 டிசம்பரில் ரயில் நின்னது. அது வரைக்கும் துருவோட போராடினதே அதோட பாதி வரலாறு. அவ்வளவு பெரிய இரும்புக்கே அந்த கதின்னா, நூல் மாதிரி சுத்தின நிக்கல் பூச்சுக் கம்பி எம்மாத்திரம்? 'ரவுண்ட்வௌண்ட்'னு சொல்ற வரிவரியான கம்பியில் வேர்வையும் உப்பும் அந்தப் பள்ளத்தில் தங்கும். கச்சேரி முடிஞ்சதும் காஞ்ச துணியால கம்பிக்கு மேலயும் கீழயும் துடைக்கணும். கம்பியைத் தண்ணியில கொதிக்க வச்சா புதுசாயிடும்னு ஒரு பழைய வித்தை உண்டு, நானும் செஞ்சிருக்கேன். அழுக்கு போகும், கொஞ்ச நாளைக்குப் பளிச்சுன்னு கேட்கும். துரு போகாது.

வழவழன்னு இருக்கிற 'ஃபிளாட்வௌண்ட்' கம்பி உப்புக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவில் மோடவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் அதைத்தான் போட்டிருந்தார். அறுந்தால் ஒழிய மாத்தமாட்டாராம். வலது கையில் ஒத்தை விரலாலேயே வாசிச்சவர். ஆனா ஃபிளாட்வௌண்டில் மேல் மடங்குகள் கம்மி. கூம்பு ஸ்பீக்கரில் நமக்குக் கைகொடுக்கிறதே அந்த மேல் மடங்குகள்தான். அப்ப என்ன செய்ய? நான் பிளாஸ்டிக் பூச்சு போட்ட ரவுண்ட்வௌண்ட் வாங்குறேன். விலை ஜாஸ்தி, ஆனா துரு சீக்கிரம் பிடிக்கிறதில்லை, சத்தமும் நிக்குது.

இப்ப நண்பன் கதைக்கு வரேன். பேர் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் என்கூடப் படிச்சவன். ஒரு கச்சேரிக் குழுவில் ஆறேழு வருஷம் பேஸ் வாசிச்சான். ஒருநாள் குழு ஓனர் கூப்பிட்டு, "தம்பி, கீபோர்டுக்காரர் இடது கையிலேயே பேஸ் வந்துடுதே, ஒரு பங்கு மிச்சம்"னு சொல்லிட்டார். அவ்வளவுதான். கிட்டாரை வித்துட்டு இப்ப ஒரு இறால் கம்பெனியில் சூப்பர்வைசரா இருக்கான்.

எனக்கு ஓனர் மேல ரொம்ப நாள் கோபம் இருந்தது. இந்தப் பதிவுக்காக யோசிச்சப்பதான் வேற மாதிரி தெரிஞ்சது. நண்பன் வாசிச்சது ரூட் நோட்டு மட்டும். எந்தப் பாட்டா இருந்தாலும் கார்டோட முதல் சுரம், கிக்கோட சேர்த்து ஒரு அடி. அதை இடது கை செய்யும்தான். அப்படி வாசிக்கச் சொன்னது யாரு? லீவில் ஊருக்கு வர்றப்பல்லாம், "பேஸ்காரன் வாசிக்கிறது வெளியே தெரியக்கூடாதுடா, நிறுத்தினாத்தான் தெரியணும்"னு இணையத்தில் படிச்சதைப் பெரிய ஞானம் மாதிரி அவன்கிட்ட ஒப்பிச்சது நான்.

அந்த வாக்கியம் பன்னெண்டு பார் புளூஸுக்கோ ராக்குக்கோ பொருந்தலாம். இளையராஜா பாட்டுக்குப் பொருந்தாது. அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுக்கிறவர், பேஸுக்கும் அப்படித்தான். பாடகர் நிறுத்துற இடத்தில் பேஸ் நடக்கும், பாடகர் ஏறுறப்ப பேஸ் இறங்கும். 'பனிவிழும் மலர்வனம்', 'ராஜ ராஜ சோழன் நான்', 'பூவே செம்பூவே' மூணையும் ஹெட்போனில் போட்டு, பாடகரை வேணும்னே மறந்துட்டுக் கீழே மட்டும் கேட்டுப் பாருங்க. இதை ரூட் நோட்டாக் குறைச்சு வாசிக்கிறது எளிமை இல்லை. பல்லவியைப் பாடிட்டு சரணத்தை முணுமுணுக்கிற மாதிரி. மேடையில் இந்தப் பாட்டெல்லாம் 'ஏதோ குறையுது'ன்னு தோணுதே, பாதி நேரம் குறையுறது இதுதான். பாடகர் மேல பழி போகும்.

இதை வாசிச்ச விரல் யாரோடதுன்னும் பல பேருக்குத் தெரியாது. ராஜா குழுவில் பல வருஷம் பேஸ் வாசிச்சவர் சசிதரன். நான் வாங்கின எந்தக் கேசட் அட்டையிலும் அவர் பேரைப் பாத்த ஞாபகம் இல்லை. ரஹ்மான் ஆல்பங்களில் வாத்தியக்காரர்கள் பேர் அச்சாக ஆரம்பிச்ச பிறகுதான் கீத் பீட்டர்ஸ்னு ஒரு பேஸ் கலைஞர் இருக்காருன்னு எனக்கே தெரியும். இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. மோடவுனிலும் 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரைக்கும் வாசிச்சவங்க பேர் அட்டையில் வரலை. ராஜா ரசிகர்கள் சிலர் 'எல்லாம் ராஜா எழுதினது, வாசிச்சவர் வெறும் கை'ங்கிறாங்க. எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே நொட்டேஷனை நான் வாசிச்சாலும் சசிதரன் வாசிச்சாலும் ஒண்ணாவா கேட்கும்? சுரத்தை எங்க நிறுத்துறோம்ங்கிறது தாளில் முழுசா இல்லை.

குழுவில் வாசிக்கிறதுக்கு இன்னொண்ணு. 'கிக் டிரம்மைப் பிடி'ங்கிறாங்க. நம்ம குழுவில் அடி ஓசைக்கு டிரம்ஸ் மட்டும் இல்லை, தபேலாவோட இடது பக்கம் இருக்கு, டோலக் இருக்கு, ரிதம் பேட் இருக்கு. தபேலா இடது கை சறுக்கி 'கும்'முன்னு இறங்குறப்ப அதே இடத்தில் நீங்களும் ஒரு நீள சுரம் போட்டா ரெண்டும் குழம்பிடும். அங்க சுரத்தைச் சின்னதா வெட்டுங்க. தபேலாக்காரரோட டீக்கடைக்குப் போங்க, அரை மணி நேர ஒத்திகையை விட அது உதவும்.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. கிட்டார் கம்பி ஆம்போட எர்த்தோட சேர்ந்தது. மைக் வேற மிக்ஸர், வேற லைன். ஒண்ணு ஜெனரேட்டர், ஒண்ணு ஈ.பி. லைன், எர்த் கம்பி ஈர மணலில் சும்மா சொருகி இருக்கும். கையில் கம்பி, உதட்டில் மைக்னா நடுவில் கம்பி நீங்கதான். 1972-ல் ஸ்வான்சீ ஊர் மேடையில் 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவோட கிட்டார்காரர் லெஸ் ஹார்வி இப்படி மைக்கைத் தொட்டுச் செத்துப்போனார். கச்சேரிக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வச்சு ஒரு முனையைக் கம்பியிலும் இன்னொண்ணை மைக் வலையிலும் வைங்க. ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டினா மைக் கிட்டப் போகாதீங்க, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மேடைக்கு வர்ற லைனில் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இருக்கான்னு கேளுங்க. "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே தம்பி"ன்னு சொல்லுவாங்க. சொன்னாலும் கேளுங்க.

சித்தி பையன் நாலு கம்பி பாஸிவ் ஒண்ணு, செகண்ட் ஹேண்டில் மதுரையில் பாத்து வச்சிருக்கான். முதல் பாட்டா 'என் இனிய பொன் நிலாவே' பேஸை ஹெட்போன் வச்சுக் காதாலேயே எழுதி எடுக்கச் சொல்லியிருக்கேன். பல்லவியே மூணு நாளா இழுக்குதாம். இறால் கம்பெனி நண்பன்கிட்ட அவனைப் போய்ப் பாக்கச் சொன்னேன், இன்னும் போகலை. மல்டிமீட்டர் மட்டும் நானே பார்சலில் அனுப்பிட்டேன்.