அக்னி மூலையில் ஒரு சிக்னல்

எங்க திருவண்ணாமலையில டிடி ஃப்ரீ டிஷ் சிக்னல் எந்தத் திசையிலேருந்து வருது தெரியுமா? தென்கிழக்கு! அக்னித் தலத்துக்கு அக்னி மூலையிலேருந்தே வருதுங்க, இதுக்கு மேல என்ன வேணும்! 2015 நவம்பர்ல ஏரியன் ராக்கெட் ஏத்திவிட்ட நம்ம இஸ்ரோவோட ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்குல, 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிக்குது. நம்ம மாடியிலேருந்து பார்த்தா கிட்டத்தட்ட 68 டிகிரி, உச்சிக்குப் பக்கம். மலை மறைக்குமோங்கிற பேச்சே இல்லை, அது பாட்டுக்கு மேற்கே நிக்குது.

இப்படி நினைச்சுப் பாருங்க. மொட்டை மாடி, சாயங்கால வெயில், கையில ஸ்பேனர், கேபிள்ல மாட்டின சாட்டிலைட் ஃபைண்டர் 'ங்கீ'ன்னு முனகுது. கீழே டிவி முன்னாடி அக்கா பையன். திரையில ஸ்ட்ரெங்த் கோடு எப்பவோ ஏறிடுச்சு, ஆனா அதை நம்பவே கூடாது. குவாலிட்டிதான் நிஜம், சரியான சாட்டிலைட் சிக்கினாத்தான் அது அசையும். டிஷ்ஷை ஒரு நூல் தள்ளுறேன். "மாமா, வருது... போச்சு மாமா!" இன்னொரு நூல். டிஷ் முன்னாடி சிக்னலை வாங்குற எல்.என்.பி.யை லேசாத் திருப்புறேன். ஃபைண்டர் வீல்னு அலறுது, கீழேருந்து "எழுபது மாமா, எழுபது!"ன்னு அவன் கத்துறான், நான் தண்ணித் தொட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, ஆமாங்க, தொட்டியைத்தான், குதிக்கிறேன்!

கார்த்திகை தீபத்தன்னிக்கு இன்னும் பெரிய கூத்து. டிவியை மாடிக்கே தூக்கிட்டுப் போயிட்டேன். மணி ஆறு. 2,668 அடி உச்சியில ஜோதி எரியுது, ஊரே "அரோகரா"ங்குது, டிவி நேரலையில மட்டும் மலை இன்னும் இருட்டா இருக்கு! சில நொடி கழிச்சு அங்கேயும் குப்புனு ஏத்துறாங்க. யோசிங்க, நான் அண்ணாந்து பார்த்த அதே நெருப்பு தில்லிக்குப் போயி, அங்கேருந்து வானத்துக்கு ஏறி, என் அறுபது சென்டிமீட்டர் சட்டியில வந்து விழுந்திருக்கு, மாசச் சந்தா ஒரு பைசா கிடையாது, நான் ரெண்டு ஜோதிக்கும் மாத்தி மாத்திக் கும்பிடுறேன், வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க, சிரிக்கட்டுமே!

கார்த்திகை மழை வலுத்தா படம் கட்டம் கட்டமா உடையும். உடையட்டும் விடுங்க, மழை விட்டா தானா வரும்.

இப்போ தெருவுல எந்த டிஷ்ஷைப் பார்த்தாலும் கை துறுதுறுங்குது. "எங்க வீட்ல படம் நல்லாத்தாம்ப்பா வருது, முதல்ல ஏணியை விட்டு இறங்கு"ன்னு எதிர்வீட்டு அத்தை விரட்டுறாங்க. குவாலிட்டி எவ்வளவுன்னு மட்டும் ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க அத்தை!