ஏழரை டிகிரி

நான் குடியிருக்கும் மில்டன் கீன்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ரவுண்டானாக்கள் உண்டு. ஸ்டியரிங்கில் கோளாறு உள்ள வண்டியை வைத்துக்கொண்டு இந்த ஊரில் காலம் தள்ளுவது, பல்வலியோடு முறுக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி. ஆறு வாரம், சுமார் 700 மைல் அப்படித் தள்ளினேன். ஆகவே இது வண்டியைப் பற்றிய விமர்சனம் என்று சொல்ல முடியாது. ஸ்டியரிங் வளையத்துக்கும், சக்கரங்களை ஒடிக்கும் ரேக்கின் பினியனுக்கும் நடுவில் இருக்கும் ஒரு முழ நீள இரும்பைப் பற்றியது.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. லோட்டஸ் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த செவன் காரின் சாயலில் இங்கிலாந்தில் பல சிறு பட்டறைகள் கிட் விற்கின்றன. அதில் ஒன்று என்னுடையது. சட்டகமும் பாடியும் அவர்கள் தருவார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் ஒரு பழைய காரிலிருந்து நாம் கழற்றிக்கொள்ள வேண்டும். நான் கழற்றியது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. வேகம், எடை, குதிரைத்திறன் எல்லாம் இந்த மாதிரி வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு மனப்பாடம், விட்டுவிடுகிறேன். லோட்டஸ் செவன் வந்த காலத்தில் இங்கே முழுக் காருக்கு விற்பனை வரி, பாகங்களாக வாங்கினால் வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் கார் விற்ற கணக்காகிவிடும் என்று, கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்து, 'பின்னாலிருந்து படித்துக்கொள்' என்றார்களாம். அந்த வரி 1973-இல் போய்விட்டது. எனக்கு வந்த கையேட்டைப் பார்த்தால் அந்த மரபு மட்டும் இன்னும் போகவில்லை என்று தோன்றுகிறது.

மாஸ்டா மேல் எனக்குப் பாசம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. முப்பது வருடத்துப் பழைய ரேக், உறையைக் கழற்றிப் பார்த்தால் கிரீஸ் பழைய தேன் நிறத்தில் பளபளக்கிறது, பல்லில் ஒரு கீறல் கிடையாது. பவர் ஸ்டியரிங் இல்லாத ரேக்காகத் தேடி எடுத்தேன். செவன் வகை வண்டி 600 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், அதற்கு எதற்குப் பம்பும் குழாயும்? ஆனால் மாஸ்டாவின் ஸ்டியரிங் காலம், அதாவது வளையத்தைத் தாங்கும் தண்டு, கிடைக்கவில்லை. நான் வாங்கிய கார் முன்பக்கம் அடிபட்டது, காலம் கோணிப்போயிருந்தது. அதனால் இங்கே கிட் கட்டுகிறவர்கள் பலரும் செய்வதைப் போல ஃபோர்டு சியராவின் காலத்தை வைத்தேன். மேலே ஃபோர்டு, கீழே மாஸ்டா. நடுவில் சம்பந்தம் பேசி முடிக்க இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்.

யுனிவர்சல் என்ற பெயரை வைத்தவரைப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். அண்ட சராசரத்துக்கும் பொதுவானது போன்ற பெயர், எடுத்துப் போட்டால் எதற்கும் பொருந்தாது. கடைப் பட்டியலில் '36 பல்' என்று போட்டிருப்பார்கள். என் தண்டிலும் 36 பல். எண்ணிப் பார்த்து, சாக்பீஸால் புள்ளி வைத்து இன்னொரு தரம் எண்ணிப் பார்த்து, ஆர்டர் போட்டேன். வந்தது லொடலொடவென்று ஆடியது. 36 பல் என்பது 9/16 அங்குலத்திலும் இருக்கிறது, 5/8-இலும் இருக்கிறது, 11/16-இலும் 3/4-இலும் இருக்கிறது. எண்ணினால் போதாது, வெர்னியர் வைத்து விட்டத்தை அளக்க வேண்டும். 'போல்ட்டை இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்' என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். பிடித்துக்கொள்ளும், ஏதாவது ஒரு ரவுண்டானா வரைக்கும். ஸ்டியரிங்கில் அந்த வேலையே வேண்டாம். பல் முழுக்கப் பொருந்தி, போல்ட் தண்டின் பள்ளத்துக்குள் குறுக்கே போக வேண்டும். அப்போதுதான் போல்ட் தளர்ந்தாலும் ஜாயின்ட் கழன்று வராது.

இரண்டாம் முறை சரியாக வாங்கினேன். மேல் ஜாயின்ட் ஒரு கடையில், கீழ் ஜாயின்ட் இன்னொரு கடையில். இரண்டுமே நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல இடமில்லை. நடுத்தண்டு 'டபுள்-டீ' வகை: உருண்டைக் கம்பியை எதிரெதிராக இரண்டு பக்கம் சீவிவிட்டது. சீவிய முகம் துளையின் தட்டை முகத்தில் உட்காரும், சுழன்று நழுவாது. ஒவ்வொரு ஜாயின்ட்டும் 30 டிகிரி மடிந்து நின்றது. இந்த வகை ஜாயின்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 35, அதற்குள் அடக்கம். எங்கும் உரசவில்லை, ஆட்டம் இல்லை. கையால் கட்டிய வண்டியைச் சாலையில் விடுமுன் நடக்கும் ஐவிஏ பரிசோதனையிலும் தேறியது. கைவிட்டால் ஸ்டியரிங் நேருக்குத் திரும்புகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். எப்படித் திரும்புகிறது என்பது அவர்கள் கவலை இல்லை.

எப்படித் திரும்பியது என்றால், செக்கு மாட்டை ஓட்டுகிற மாதிரி. வளையத்தைத் திருப்பத் தொடங்கினால் கனமாக இருக்கும், வண்டி வெடுக்கென்று மூக்கைத் திருப்பும். கால் சுற்று போனதும் கை திடீரென்று லேசாகிவிடும், வண்டியோ கேட்டது பாதி, கேட்காதது பாதி என்று போகும். இன்னும் கால் சுற்று, மறுபடி கனம். ரவுண்டானாவில் முதலில் கொஞ்சம் இடது, பிறகு நல்ல வலது, வெளியேறும்போது மறுபடி இடது. மூன்றுக்கும் மூன்று விதமான கை. வலது ஒடிப்பும் இடது ஒடிப்பும் ஒன்றுபோல் இல்லை. எம்-1 நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது, நான் தும்மினால் வண்டி பக்கத்து லேனை எட்டிப் பார்த்தது.

டயர் காற்றைச் சந்தேகப்பட்டேன். வீல் அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தேன். ரேக்கின் உயரத்தைத் தகடு வைத்து 3 மில்லிமீட்டர் மாற்றினேன். மேடு பள்ளத்தில் சக்கரம் தானாக ஒடிவது அதில் குறைந்தது, அது தனிக் கதை. கை மட்டும் அப்படியே கனம், லேசு, கனம், லேசு.

கடைசியில் நாமக்கல்லுக்குப் போன் போட்டேன். மாமாவுக்கு லாரிப் பட்டறை. வீடியோவில் காட்டினேன்.

"கிராஸ் மாத்தறப்ப மார்க் போட்டியா மாப்ள?"

"புதுத் தண்டுங்க மாமா. மார்க் போட என்ன இருக்குது?"

"சரி, போனைக் கீழ புடி. ரெண்டு பக்கத்துக் காதும் ஒரே கோட்டுல இருக்குதா?"

இல்லை. தண்டின் பக்கத்துக் கவையின் கரங்களைத்தான் காது என்கிறார். மேல் ஜாயின்ட்டின் காது மேலும் கீழுமாக நின்றது, கீழ் ஜாயின்ட்டின் காது பக்கவாட்டில் நின்றது. ஒரு கடைக்காரர் தட்டை முகத்தைக் காதுக்கு இணையாக வெட்டியிருக்கிறார், மற்றவர் குறுக்காக. தனித்தனியே இரண்டும் சரி. ஒரே தண்டில் மாட்டினால் 90 டிகிரி விலகல். இரண்டையும் ஒரே கடையில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

லாரியின் புரொபெல்லர் சாஃப்ட்டைக் கழற்றும் எந்தப் பையனும் முதலில் சென்டர் பஞ்ச்சால் இரண்டு பக்கமும் புள்ளி வைப்பான். மாற்றி மாட்டினால் லாரி அதிரும் என்பது அவனுக்குத் தெரியும். காரணம் ஜாயின்ட்டின் பிறவிக் குணம். மடிந்து நிற்கும் ஜாயின்ட்டில் இந்தப் பக்கம் ஒரே சீராகச் சுற்றினால் அந்தப் பக்கம் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 30 டிகிரி மடிப்பில் இது கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. அதனால்தான் இரண்டாவது ஜாயின்ட். முதலாவது முந்தும்போது இது பிந்தி, கணக்கை நேர் செய்துவிடும், காதுகள் சரியாக நின்றால். குறுக்கே நின்றால் முதலாவது முந்தும்போது இதுவும் சேர்ந்து முந்தும். ஐரோப்பாவில் கார்டான் பெயரும் இங்கிலாந்தில் ஹூக் பெயரும் சொல்லி அழைக்கப்படுகிற, சில நூற்றாண்டு வயதான சங்கதி. நான் பொறியியல் படித்தபோது இதற்குப் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விருப்பமில்லை.

அளந்து பார்த்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையில் இரண்டு வட்டம் வெட்டி, பையனின் ஜாமெட்ரி பெட்டிக் கோணமானியால் பத்துப் பத்து டிகிரியாகக் கோடு போட்டேன். ஒன்று வளையத்தில், ஒன்று பினியன் பக்கம். முள்ளுக்கு சைக்கிள் ஸ்போக். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வளையத்தைப் பத்து டிகிரி திருப்பு, கீழே குனி, படி, எழுது. முப்பத்தாறு முறை. ஓரிடத்தில், வளையம் பத்து டிகிரி போனால் பினியன் பதிமூன்றுக்கு மேல் போகிறது. அங்கிருந்து கால் சுற்றில், அதே பத்துக்குப் பினியன் போவது ஏழரை. நம் ஊரில் பிறந்தவனுக்கு அந்த எண்ணைத் தாளில் பார்த்ததும் வேறு விளக்கம் தேவைப்படாது. உச்சி மேடு நேர்ப்பாதையில்கூட இல்லை, இருபது டிகிரி இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. வலதும் இடதும் வேறு வேறாக இருந்த மர்மம் அதுதான்.

காதுகளை ஒரே கோட்டில் நிறுத்தினால் முடிந்தது என்று மாமா சொன்னது லாரிக்குச் சரி. அங்கே சாஃப்ட் மேலும் கீழும்தான் மடியும். என் வண்டியில் மேல் ஜாயின்ட் ஒரு தளத்தில் மடிகிறது, கீழ் ஜாயின்ட் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு வேறு தளத்தில் மடிகிறது. இரண்டு தளத்துக்கும் நடுவே 14 டிகிரி. காதுகளும் அதே 14 டிகிரி விலகி நிற்க வேண்டும். டபுள்-டீ துளையில் அந்தப் பேச்சே கிடையாது. நேராக மாட்டலாம், அல்லது அரைச் சுற்று திருப்பி மாட்டலாம், இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது ஜாயின்ட் போட்டுத் தப்பிக்கலாமா என்றால், இரண்டுக்கு மேல் போனால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் தண்டு பாம்பாட்டம் ஆடும். அதற்குச் சட்டகத்தில் இடமில்லை.

அதனால் தண்டையே மாற்றினேன். மேல் முனை டபுள்-டீ, கீழ் முனை 36 பல். ஒரு பல் நகர்த்தினால் 10 டிகிரி. முதலில் என்னை ஏமாற்றிய அதே 36 இப்போது கை கொடுத்தது. எனக்கு வேண்டியது 14, பல் கொடுத்தது 10. மறுபடி அட்டை, ஸ்போக், குனிந்து எழுதல். இப்போது வளையத்தின் பத்துக்குப் பினியன் 9.8-லிருந்து 10.2 வரை. அந்த வித்தியாசம் கைக்குத் தெரியவில்லை.

ரவுண்டானாவுக்குள் போகிறேன், வளையம் ஒரே கனத்தில் திரும்புகிறது, ஒரே கனத்தில் கைக்குள் வழுக்கி நேருக்கு வருகிறது. முன்சக்கரத்தின் அடியில் தார் பாவியது எங்கே முடிகிறது, ஒட்டுப்போட்டது எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் உள்ளங்கையில் தெரிகிறது. போன ஞாயிறு வெளியேறும் வழியைத் தவறவிட்டதாகச் சாக்குச் சொல்லி ஒரே ரவுண்டானாவை நான்கு சுற்று சுற்றினேன். பக்கத்தில் இருந்தவள் மூன்றாவது சுற்றில் தலையில் அடித்துக்கொண்டாள்.

தண்டிலும் ஜாயின்ட்டிலும் நேருக்கு நேராகச் சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி வைத்து, போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. வண்டி மொத்தத்தையும் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் பதில்: "இதுல கதவு எங்க மாப்ள?"