உட்காரும் வாய்ப்பு

சென்னை ராயப்பேட்டையில் ஒரு தெருவுக்கு கிளப் ஹவுஸ் ரோடு என்று பெயர். அந்த கிளப் இப்போது அங்கே இல்லை. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் அது. இந்தியர்களுக்கு அதில் உறுப்புரிமை கிடையாது. வெள்ளைக்காரப் பெண்களுக்கும் கிடையாது. பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1890இல் அடையாறு கிளப் தனியாகத் தோன்ற வேண்டியிருந்தது. பிறகு அந்த நிலம் நாளிதழ் அதிபர் ராம்நாத் கோயங்காவிடம் வந்து எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆயிற்று. பழைய கட்டடம் இடிபட்டு, 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ எழுந்தது: கடைகள், திரையரங்கு, அலுவலகங்கள், விடுதி எல்லாம் ஒரே வளாகத்துக்குள்.

இத்தகைய வளாகங்களை நுகர்வு மோகம் என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது நம் விமர்சனத்தின் பழக்கம். எனக்கு உடன்பாடில்லை. கந்தர்வக்கோட்டையிலிருந்து கருத்தரங்குக்குச் சென்னை போகும்போதெல்லாம் அங்கே ஒரு மணி நேரமாவது சும்மா உட்கார்ந்திருக்கிறேன். 'சும்மா' என்பதை அழுத்தியே சொல்கிறேன். எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு பெண் அரை மணி நேரம் நின்றாலே "யாருக்காக நிக்கிற?" என்று கேள்வி வரும். டீக்கடை பெஞ்சு இன்றுவரை ஆண்களுடையது. காரணம் சொல்லாமல் உட்காரவும், சுத்தமான கழிப்பறைக்குப் போகவும், தனியாகப் படம் பார்க்கவும் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. (வாங்கக்கூடியவள்போல் உடுத்தியிருக்க வேண்டும், அது வேறு.)

இந்த வளாகங்களின் தத்துவத்தை வெளிப்படையாகப் பேசியவர் ஜப்பானின் மினோரு மோரி. அவர் நிறுவனம் டோக்கியோவில் கட்டிய ரொப்பொங்கி ஹில்ஸ் 2003இல் திறந்தது. வீடு, வேலை, கடை, கலைக்கூடம் எல்லாம் அருகருகே இருந்தால் நேரம் மிச்சம் என்பது அவர் வாதம். அங்கே கோபுரத்தடியில் லூயிஸ் பூர்ஷ்வாவின் 'மமான்' நிற்கிறது. முட்டைகளைச் சுமக்கும் ராட்சதத் தாய்ச் சிலந்தி. திரைச்சீலைகளைப் பழுதுபார்த்து உழைத்த தன் தாயை நினைத்து அவர் செய்தது. தாய்மை, காவல் என்றெல்லாம் அதைப் பற்றி எழுதுகிறார்கள். என் கண்ணில் படுவது, அது எப்போதும் நின்றுகொண்டே இருப்பதுதான்.

மிச்சமாகும் நேரம் யாருடையது? என் மாணவி ஒருத்தி பி.ஏ. முடித்துச் சென்னையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். தங்கியிருக்கும் அறையிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். "கால் வீங்குறது பழகிடுச்சு மேம். ஆளில்லாதப்பகூட சுவத்துல சாயக்கூடாது" என்றாள். அவள் அம்மா ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைப்பவர். தோட்டின் எண்ணெய் விரல்களை அரிக்க, நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தே வேலை. எழ முடியாத தாய்க்கு உட்கார முடியாத மகள்.

எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்த அதே 2010இல்தான் 'அங்காடித் தெரு' படமும் வந்தது. கடைப்பெண்களின் கால்களைத் தமிழ்நாடு அப்போதே பார்த்துவிட்டது. சட்டம் வர மேலும் பதினொரு ஆண்டுகள் ஆயின. கேரளம் 2018இல் செய்ததை, நாம் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் செய்தோம். வேலைக்கிடையே உட்காரும் வாய்ப்பு நேர்ந்தால் பயன்படுத்திக்கொள்ள இருக்கை தர வேண்டும் என்கிறது அது. இலக்கணம் நடத்துகிறவளுக்கு அந்த 'நேர்ந்தால்' உறுத்துகிறது. வாய்ப்பு நேர்ந்ததா இல்லையா என்று முடிவுசெய்பவர் மேற்பார்வையாளர். பிரிவில் அவர் எங்குமே இல்லை.

கடையில் இருக்கை போட்டிருக்கிறார்களா என்று மாணவியிடம் கேட்டேன்.

"ஒரு ஸ்டூல் இருக்கு மேம். அதுமேல துணிக்கட்டு இருக்கு."