பாலத்தில் காத்து நிற்கும் மார்கிட்

எல்டன் ரிங் என்ற கேம் வெளியானது 2022 பெப்ரவரி 25ஆம் திகதி. அந்த நாட்களில் இலங்கை எப்படி இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரன்ட் இல்லை. 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் சில வாரங்களுக்குள் 300ஐத் தொட்டது. 59.99 டொலர் விலை போட்ட அந்தக் கேம், வெளியாகிச் சில வாரங்களுக்குள்ளேயே 12,000 ரூபாவிலிருந்து 18,000 ரூபாவுக்கு ஏறிவிட்டது. உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நாம் எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றோம். அந்த வருடத்தின் சிறந்த கேம் என்ற விருது அதற்குக் கிடைத்த செய்தி நமக்கு எங்கோ நடந்த கல்யாணச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது.

இப்போது நிலைமை வேறு. அந்தக் கேமுக்குத் தேவையான கிராபிக்ஸ் கார்ட் இன்று பழைய சாமானாகக் கைமாறுகிறது. தள்ளுபடிக் காலங்களில் விலையும் இறங்குகிறது. பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் விளையாடிச் சலித்த பொடியன்மார் சிலர் இதைக் கேட்டு விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். கேம் முழுவதையும் நான் எடுக்கவில்லை. அதன் முதல் பெரிய பொஸ் சண்டையான மார்கிட்டை மட்டும் எடுக்கிறேன். கேமை வாங்கி, அவன் காத்து நிற்கும் பாலம் வரைக்கும் வந்து, அதோடு மூடி வைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். மார்கிட்டை விளங்கிக்கொண்டால் மிச்ச கேம் தானாகத் திறக்கும்.

இதைச் செய்தது ஜப்பானின் ஃப்ரொம்சொஃப்ட்வெயார் நிறுவனம். இயக்கியவர் ஹிடெடகா மியாசாகி. 2011இல் வந்த டார்க் சோல்ஸ் இவர்களுடையதுதான். கதையின் பழங்கால வரலாற்றை அமைத்துக் கொடுத்தவர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். பழைய கேம்களில் ஒரு வழி அடைத்தால் பெரும்பாலும் அங்கேயே முட்டி மோத வேண்டும். எல்டன் ரிங்கில் நிலம் திறந்து கிடக்கிறது. இந்த வித்தியாசம்தான் மார்கிட் சண்டைக்கு உயிர்.

தொடக்க நிலத்தின் பெயர் லிம்கிரேவ். வெளியே வந்து சில அடி நடந்ததும் பொன் கவசம் போட்ட ஒரு குதிரைவீரன் வழியில் உலாவுகிறான். அவனோடு மோதினால் ஓரிரண்டு அடியில் சாவு. அவனைச் சுற்றிக்கொண்டு போனால் ஒன்றும் செய்யமாட்டான். கேம் தன் முதல் பாடத்தை அங்கேயே சொல்லிவிடுகிறது: இப்போது முடியாததை விட்டுவிட்டுப் போ, பிறகு வா. ஆனால் ஓய்வெடுக்கும் இடங்களிலிருந்து ஒரு பொன்னொளி எழும்பித் திசை காட்டும். அந்த ஒளி புதிதாக வந்தவனை நேரே ஸ்டோம்வேல் கோட்டைக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். கோட்டை வாசலுக்கு முன்னால் உள்ள பாலத்தில் நிற்பவன் மார்கிட். ஒளியை நம்பி நேரே போகிறவன் கிட்டத்தட்டத் தொடக்க லெவலிலேயே அவன் முன்னால் போய் நிற்பான். இந்த இடத்தில் கேம் இன்னும் கொஞ்சம் தெளிவாகப் பேசியிருக்க வேண்டும் என்பது என் முறைப்பாடு. திசை காட்டும் ஒளி கட்டளை அல்ல என்பதை வாயால் சொல்ல ஆள் இல்லை.

இனிச் சண்டைக்கு வருவோம். மார்கிட் நெடிய, கொம்பு முளைத்த கிழவன். கையில் ஒரு முறுக்கேறிய தடி. அவன் தடியை ஓங்குவான். ஓங்கிய கை அப்படியே மேலே நிற்கும். மற்ற கேம்களில் பழகிய விரல், ஓங்கியதும் உருளும் பொத்தானை அமுக்கிவிடும். நாம் உருண்டு முடிந்து எழும்பும் நேரத்தில்தான் தடி இறங்கும். இதே பிழையில் மறுபடி மறுபடி விழுகிறவன், கேம் நம்மை ஏமாற்றுகிறது என்று கோபப்படுவான். ஏமாற்று ஒன்றும் இல்லை. நம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் பழகியவர்களுக்கு இது விளங்கும். கம்பின் நுனியைப் பார்த்து நிற்பவன் அடி வாங்குவான். தோளையும் கால் வைப்பையும் பார்ப்பவன் தப்புவான். மார்கிட்டின் தடியை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். அடி இறங்கப்போகும் கணத்தில் அவன் உடம்பு முன்னே சாயும். உருள வேண்டிய நேரம் அதுதான். பின்னால் உருளவேண்டாம், அவனை நோக்கி, அவன் பக்கவாட்டுக்கு உருள வேண்டும். தடி நீளமானது, பின்வாங்குகிறவனை அது எட்டிப் பிடித்துவிடும். ஒட்டி நிற்கிறவனுக்கு ஒன்றிரண்டு வெட்டு வெட்ட இடம் கிடைக்கும். அவன் பின்னாலேயே நின்று பேராசைப்பட்டால் வாலைச் சுழற்றுவான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தில் நின்று மருந்துக் குப்பியை வாயில் வைத்தால் ஒளியாலான கத்தி பறந்து வரும். நாம் குடிக்கிற நேரத்தை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதனால் அவனுடைய நீண்ட அடி ஒன்று முடிந்த பிறகுதான் குடிக்க வேண்டும், பயம் வந்த நேரத்தில் அல்ல. உயிர்க்கோடு பாதியை நெருங்கும்போது மார்கிட் மாறுவான்: மறு கையில் பொன்னொளியில் ஒரு சம்மட்டி தோன்றும், பாய்ந்து வந்து நிலத்தில் அறைவான். இந்த இரண்டாம் கட்டத்தில் புதிய கணக்குகள் இருந்தாலும் அடிப்படை அதேதான். முதற் கட்டத்தை நிதானமாக, குப்பி அதிகம் செலவாகாமல் முடிக்கப் பழகிவிட்டவனுக்கு இரண்டாம் கட்டம் பெரிய சுமையாகத் தெரியாது.

நான் பார்த்த பொஸ் சண்டைகளில் இவ்வளவு நேர்மையானது குறைவு. தோற்ற ஒவ்வொரு முறையும் எதனால் தோற்றோம் என்று சொல்லத் தெரிகிறது. தோற்றதும் நெடுந்தூரம் ஓடி வரவும் தேவையில்லை. பக்கத்திலேயே ஒரு சிலை இருக்கிறது, அங்கிருந்தே எழும்பலாம்.

அப்படியும் முடியவில்லை என்றால், முட்டிக்கொண்டு நிற்காமல் திரும்பிப் போங்கள். இந்தக் கேமை நான் விரும்புவதற்கு முதற் காரணம் அந்தத் திரும்பிப் போகும் பயணம்தான். எல்லே தேவாலயத்துக்கு இரவில் போனால் ரென்னா என்ற சூனியக்காரி மூன்று ஓநாய்களை அழைக்கும் மணியையும் சாம்பலையும் தருவாள். டொரன்ட் என்ற குதிரையை மெலினா என்ற பெண்ணிடமிருந்து பெற்ற பிறகுதான் ரென்னா வருவாள். அந்த ஓநாய்கள் மார்கிட்டின் கவனத்தை இழுக்கும் சில விநாடிகள் புதியவனுக்கு மூச்சுவிட இடம் தரும். லிம்கிரேவ் சுரங்கத்தில் பட்டறைக் கல் பொறுக்கலாம். எல்லே தேவாலயத்தில் உள்ள பட்டறை மேசையில் ஆயுதத்தைப் பிளஸ் 3 வரைக்கும் தட்டலாம், அதற்கு மொத்தம் 12 கல் வேண்டும். மரிக்காவின் மூன்றாம் தேவாலயத்தில் குப்பியின் வலுவைக் கூட்டும் கண்ணீர்த்துளி ஒன்றும், அற்புதக் குப்பி ஒன்றும் கிடைக்கும். தெற்கே இன்னொரு பாலத்தைத் தாண்டிய தீபகற்பம் முழுவதும் இந்த லெவலுக்கு ஏற்ற வேலைகள்தான். இருபது, இருபத்தைந்தாம் லெவலில் திரும்பி வந்தால் மார்கிட் அதே மார்கிட்தான். ஆனால் ஒரு அடியில் சாகாமல், இரண்டாவது பிழைக்கும் இடம் இருக்கும்.

இன்னும் உதவி உண்டு. சண்டைக்களத்தை மூடும் பனித்திரைக்கு முன்னால் நிலத்தில் ரோஜியர் என்ற மந்திரவாதியின் அழைப்புக் குறி இருக்கிறது. அவன் கூட வந்து சண்டை போடுவான். மர்க்வோட்டர் குகையில் இருக்கும் பெட்ச்சஸ் என்பவனைக் கொல்லாமல் விட்டால் 5,000 ரூனுக்கு (ரூன்தான் இந்தக் கேமின் காசு) மார்கிட்டின் விலங்கை விற்பான். அதைப் பாவித்தால் முதற் கட்டத்தில் மார்கிட்டைச் சிறிது நேரம் நிலத்தோடு கட்டிப்போடலாம். இதையெல்லாம் பாவிப்பது கோழைத்தனம் என்று சொல்லித் திரிகிறவர்களின் பேச்சை எடுக்கவேண்டாம். செய்தவர்கள் பாவிப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குப் பக்கத்தால் ஒரு மலையோரப் பாதை அடுத்த நிலமான லியூர்னியாவுக்கே போகிறது. மார்கிட்டைத் தொடாமலே கேமைத் தொடரலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு பாத்திரங்களைச் சொல்வேன். வேகபொண்ட் எடுத்தால் கையில் வரும் கேடயம் தடியடியை முழுவதும் தாங்கும். தடுத்த உடனே பலமான அடியைப் போட்டால் எதிர்வெட்டு விழும். ஒளிக்கத்தியின் அடி மட்டும் கேடயத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வரும். சாமுராய் எடுத்தால் வாளில் இரத்தப்போக்கு உண்டு, மார்கிட்டுக்கு அது நன்றாக ஏறும். எதை எடுத்தாலும் உடம்புச் சுமையை 70 வீதத்துக்குக் கீழே வையுங்கள். அதைத் தாண்டினால் உருளுவது கனத்துவிடும்.

இனி வீட்டு நிலவரம். கணினிக்கு நிறுவனம் கேட்கும் குறைந்தபட்சம் 12 ஜிபி ரெம், 3 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கார்ட், 60 ஜிபி இடம். நான் விளையாடியது 16 ஜிபி ரெம்மும் 6 ஜிபி 1060உம் உள்ள பழைய கணினியில். நடுத்தர அமைப்பில் பாலத்துச் சண்டைக்குத் தேவையான வேகம் கிடைக்கிறது. விநாடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் இந்தக் கேம் போகாது, ஆகவே விலைகூடிய கார்டுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. கணினிப் பதிப்பில் இடைக்கிடை ஒரு தடக்கம் வரும் என்பது வெளியான நாளிலிருந்து எல்லோரும் பேசிய குறை. மார்கிட் தடியை இறக்கும் கணத்தில் அது வந்தால் உயிர் போகும். கார்ட் ட்ரைவரைப் புதிதாக்கி, பின்னணியில் ஓடுவதை மூடிவிட்டு விளையாடுங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றுக்கு மின்விசிறிகளும் இணைப்புகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும், பாவித்த கார்ட் வாங்கும்போது அவற்றைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கவேண்டாம். டிவியில் இணைத்து விளையாடுகிறவர்கள் அதன் கேம் மோடைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பொத்தான் அமுக்கியதற்கும் உருளுவதற்கும் இடையில் விழும் தாமதம் இந்தச் சண்டையைக் கெடுத்துவிடும். கீபோர்டிலும் முடியும், என்றாலும் கொன்ட்ரோலர்தான் இதற்குச் சரி.

என் மிகப் பெரிய முறைப்பாடு, இந்தக் கேமில் நிறுத்திவைக்கும் பொத்தான் இல்லை என்பது. மெனுவைத் திறந்தாலும் மார்கிட் அடித்துக்கொண்டேதான் இருப்பான். பாங்கு சொன்னால் எழும்ப வேண்டும், உம்மா கூப்பிட்டால் போக வேண்டும், கரன்ட் கட் ஆகலாம். இப்படிப்பட்ட வீடுகளில் இது உண்மையான குறை. ஒரு மறைவான வழி உண்டு: சாமான் பட்டியலைத் திறந்து, உதவிப் பொத்தானை அமுக்கி, மெனு விளக்கத்தைத் திறந்தால் தனியாக விளையாடும்போது எல்லாம் அப்படியே நின்றுவிடும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வைத்தது நியாயமில்லை. கரன்ட் போனாலும் பெரிய இழப்பு வராது. கேம் அடிக்கடி தானாகவே சேமித்துக்கொள்ளும், அடுத்த முறை பனித்திரைக்கு வெளியே நின்று தொடங்கலாம். இறக்கிய பிறகு இணையம் இல்லாமலும் விளையாடலாம். மற்ற விளையாட்டுக்காரர்கள் நிலத்தில் எழுதிவிட்டுப் போகும் குறிப்புகள் அப்போது தெரியாது.

தமிழில் எழுத்து இல்லை. ஆங்கிலமும் பழங்கால நடை, பாடசாலை ஆங்கிலத்தோடு போகிறவன் தடுமாறுவான். பாத்திரங்கள் பேசுவதை நிதானமாக வாசிக்கும் ஒரு காக்காவோ மச்சானோ பக்கத்தில் இருந்தால் நல்லது. வாப்பா, உம்மாமார் கவனிக்க வேண்டியது: ஐரோப்பிய மதிப்பீட்டில் இது 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. கோட்டைக்குள் வெட்டி ஒட்டிய உடல்கள் வரும். சின்னவர்களின் கையில் கொடுக்கவேண்டாம்.

மார்கிட் விழுந்தால் 12,000 ரூனும் ஒரு தாயத்துப் பையும் கிடைக்கும். கோட்டைக்குள் போகும் வழியும் திறக்கும். 16 வயதைத் தாண்டிய, மாலையில் ஒரு மணித்தியாலமாவது அவசரமில்லாமல் உட்காரக்கூடியவர்கள் இதை வாங்கலாம், தள்ளுபடி வரும் வரைக்கும் பொறுத்திருந்து வாங்குங்கள். பிஎஸ்4இலும் ஓடும், வேகம் கணினியை விடக் குறைவு. பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் அதன் பிஎஸ்4 பதிப்பையே போட்டு விளையாடினால் ஓட்டம் இன்னும் சீராக இருக்கும்.