சீலிங் ஃபேன் நடத்தும் பாடம்: கேனான் 1500டி

கேனான் இஓஎஸ் 1500டி வந்தது 2018இல். வந்தபோதே அதைப் புதுமை என்று யாரும் கொண்டாடவில்லை. ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பதே ஒன்பது. நொடிக்கு மூன்று படம். பின்பக்கத் திரை மடங்காது, திரும்பாது, தொட்டாலும் கேட்காது. வீடியோவுக்காகவோ ஓடியாடும் பிள்ளைகளைப் பிடிக்கவோ கேமரா தேடுகிறவர்கள் வேறு கடை பார்க்கலாம்.

வீட்டிலேயே போட்டோகிராஃபி பழக வேண்டுமா? இதைத்தான் சொல்வேன். போனைத் தொட்டால் அது நாலைந்து படங்களை எடுத்து, ஒட்டி, இருட்டை ஏற்றி, அழகாக ஒன்றைக் கையில் கொடுத்துவிடும். ஏன் நன்றாக வந்தது என்று நமக்குத் தெரியாது. 1500டியின் டயலை ‘எம்’முக்குத் திருப்பினால் இருட்டாக வந்தாலும் வெளுத்து வந்தாலும் பொறுப்பு நம்முடையது.

முதல் பாடத்துக்கு சீலிங் ஃபேன் போதும். பகல் வெளிச்சத்தில் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்து, 18-55 கிட் லென்ஸை 18க்குச் சுருக்கி, ஷட்டரை 1/15இல் வைத்து எடுங்கள். றெக்கைகள் கரைந்து வட்டத் தட்டாகிவிடும். ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், அந்த 1/15 நொடிக்குள் ஒவ்வொரு றெக்கையும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடந்துவிடுகிறது. மூன்று றெக்கையும் சேர்ந்து வட்டத்தை அடைத்துவிடுகின்றன. இப்போது 1/1000. றெக்கை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், ஆனால் படம் கும்மிருட்டு.

வெளிச்சம் வேண்டுமென்றால் அப்பர்ச்சரைத் திறக்க வேண்டும். இந்தக் கேமராவில் சக்கரம் ஒன்றுதான். திரைக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ஏவி’ பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, ஆள்காட்டி விரலால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கொஞ்ச நாள் விரல்கள் பின்னிக்கொள்ளும், பிறகு பழகிவிடும். எஃப்/3.5க்கு மேல் இந்த லென்ஸ் திறக்காது. மிச்சமிருப்பது ஐஎஸ்ஓ. அதை 6400 வரை ஏற்றினால் றெக்கைகள் பளிச்சென்று தெரியும். கூடவே படம் முழுக்க ரவை தூவியதுபோல் புள்ளிகள். ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ என்று வகுப்புகளில் முக்கோணம் வரைந்து மணிக்கணக்கில் விளக்கும் சங்கதி இவ்வளவுதான்.

அடுத்தது ஜன்னல். ஆவி பறக்கும் காபி டம்ளரை வைத்து, ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி எடுத்தால் ஆவி காணாமல் போகும். டம்ளருக்குப் பின்னால், சற்று ஓரத்திலிருந்து வெளிச்சம் வரட்டும். பின்னணியில் கறுப்புத் துணியோ இருட்டான கதவோ இருக்கட்டும். ஆவி இழை இழையாக எழும்பி வரும். எடுத்த படத்தை உடனே பெரிதாக்கிப் பாருங்கள்: வியூஃபைண்டர் காட்டுவது காட்சியில் 95 சதவீதத்தை மட்டும். மீதி ஓரத்தில் சார்ஜர் ஒயர் நுழைந்திருக்கும்.

கேமராவின் தலையிலிருந்து எழும்பும் ஃபிளாஷை மறந்துவிடுங்கள். முகத்தைச் சுண்ணாம்பு அடித்துவிடும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், பேரமே பேசாமல் திருப்பிக் கொடுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

மிச்சம் பிடித்த காசில், கூடுதல் ஜூமை விட்டுவிட்டு, 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் வாங்கலாம். மங்கலான ஹாலிலும் ஐஎஸ்ஓவை அவ்வளவு ஏற்ற வேண்டியிருக்காது. ஒன்றே ஒன்று: 1500டியின் சென்சார் சிறியது என்பதால் அந்த 50, முழு ஃபிரேம் கேமராவில் 80 எம்எம் பார்க்கும் அளவுக்குத்தான் பார்க்கும். பத்தடி அறையில் தாத்தாவையும் பாட்டியையும் சேர்த்து முழுசாக எடுக்க வேண்டுமானால், நீங்கள் வாசற்படியில் நிற்க வேண்டிவரும்.